ஒரு லிட்டர் பாலில் மாட்டுக்காரருக்கு எவ்வளவு?

மானியம் வருகிறது, போகிறது! தொழுவத்துக் கணக்கு என்ன சொல்கிறது?

மும்பையில் பால் விலை ஏறினால் முதலில் சிறுத்துப்போவது டீ கிளாஸ்தான். விலையை ஏற்றினால் வாடிக்கைக்காரர் முகம் சுளிப்பார். ஆகவே டீக்கடைக்காரர் கிளாசை மாற்றி விடுகிறார்.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை. ஒரு லிட்டர் வாங்கிய வீட்டில் முக்கால் லிட்டர். முக்கால் வாங்கிய வீட்டில் அரை. குழந்தைக்குப் போக மிஞ்சினால்தான் பெரியவர்களுக்குக் காப்பி.

"மாட்டுக்காரர்கள் கொள்ளை அடிக்கிறார்கள்" என்று நாம் முணுமுணுக்கிறோம்.

ஆனால் 2018 ஜூலை மாதம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கோலாப்பூர், சாங்லி, புனே ஜில்லாக்களில் விவசாயிகள் பால் டேங்கர்களை மறித்தார்கள். கறந்த பாலைத் தெருவில் கொட்டினார்கள். மும்பைக்குப் பால் வராது என்று நாலு நாள் பரபரப்பு நிலவியது.

அப்போது மும்பையில் பசும்பால் லிட்டர் 40 ரூபாய்க்கு மேல். கறந்தவருக்குக் கிடைத்ததோ பல இடங்களில் 17, 18 ரூபாய்!

வாங்குகிறவரும் அழுகிறார். விற்கிறவரும் அழுகிறார். இடையில் என்ன நடக்கிறது? மாட்டை மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. சர்க்காரின் கொள்கையையும் பார்க்க வேண்டும்.

ரயிலில் வந்த பால்

பம்பாய்க்குப் பால் வந்த கதையே கொள்கையின் கதைதான்.

1945-ல் பம்பாய் சர்க்கார் "பம்பாய் பால் திட்டம்" என்று ஒன்றைத் தொடங்கியது. குஜராத்தின் ஆனந்தில் பால் சேகரித்து, 400 கிலோ மீட்டருக்கு மேல் ரயிலில் கொண்டுவந்து நகரத்துக்குக் கொடுப்பதே திட்டம். சேகரிக்கும் காண்டிராக்ட் போல்சன் என்ற தனியார் கம்பெனிக்குப் போனது.

பம்பாய்க்குப் பால் வந்தது. கம்பெனிக்கு லாபம் வந்தது. மாட்டுக்காரருக்கு மட்டும் விலை வரவில்லை.

1946 ஜனவரி 4-ந் தேதி சமர்க்கா என்ற கிராமத்தில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் விவசாயிகள் கூடினார்கள். "கம்பெனிக்குப் பால் ஊற்ற மாட்டோம். எங்கள் சங்கத்திடம் சர்க்கார் நேரடியாக வாங்கட்டும்" என்று முடிவு செய்தார்கள். 15 நாள் ஒரு சொட்டுப் பால் போகவில்லை. சர்க்கார் இறங்கி வந்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி கெய்ரா ஜில்லா பால் உற்பத்தியாளர் கூட்டுறவு யூனியன் பதிவானது. அதுதான் இன்றைய அமுல். திரிபுவன்தாஸ் பட்டேல் தலைவர். 1949-ல் அங்கே வேலைக்கு வந்த என்ஜினீயர் வர்கீஸ் குரியன், கோழிக்கோட்டில் பிறந்து சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டியிலும் படித்தவர்.

மானியம் எதுவும் இல்லாமலே மாட்டுக்காரருக்கு விலை கூடியது எப்படி? யாரிடம் வாங்குவது என்பதைச் சர்க்கார் மாற்றிக் கொண்டது. அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எருமை குளிர்காலத்தில் கறப்பது கோடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நகரத்தில் குடிக்கிற வாய்கள் ஆண்டு முழுவதும் அதே எண்ணிக்கைதான். குளிர்காலத்தில் மிஞ்சிய பாலை என்ன செய்வது? அதற்காகவே ஆனந்தில் எருமைப் பாலைப் பவுடராக்கும் தொழிற்சாலை கட்டினார்கள். 1955 அக்டோபர் 31-ல் நேரு அதைத் திறந்து வைத்தார்.

இந்தப் பவுடர் விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

ஐரோப்பாவின் வெண்ணெய் மலை

1949-ல் கோரேகாவ் அருகே ஆரே பால் காலனி உருவானது. தாரா குரோடி இதன் கர்த்தா. நகரத்துக்குள் நெருக்கியடித்துக் கிடந்த தபேலா எருமைகளை வெளியே கொண்டுபோய், 32 தொழுவங்களில் 16 ஆயிரம் மாடுகள் வரை வைக்க ஏற்பாடு. பால் பூத், கார்டு, பாட்டில் என்று ஒரு தலைமுறை பம்பாய்க்காரர்கள் ஆரே பாலில் வளர்ந்தார்கள்.

அந்தப் பாலில் ஒரு பகுதி வெளிநாட்டுப் பவுடரைக் கரைத்துச் சேர்த்தது. அது மலிவு. ஆனால் நகரத்துக்கு மலிவுப் பவுடர் கிடைத்தால் கிராமத்துப் பாலை யார் நல்ல விலைக்கு வாங்குவார்கள்?

அதே காலத்தில் ஐரோப்பிய நாடுகள் தங்கள் விவசாயிகளுக்கு ஆதரவு விலை கொடுத்தன. விலை உறுதி என்றதும் அவர்கள் கறந்து தள்ளினார்கள். விற்காத வெண்ணெயும் பவுடரும் கிடங்குகளில் மலையாகக் குவிந்தன. அவர்கள் கொடுத்த மானியம் நம் நாட்டுக்கு நன்கொடையாகக் கப்பல் ஏறியது!

1970-ல் தொடங்கிய "வெண்மைப் புரட்சி"த் திட்டத்துக்கு உலக உணவுத் திட்டத்தின் வழியாக 1 லட்சத்து 26 ஆயிரம் டன் பவுடரும், 42 ஆயிரம் டன் வெண்ணெய் எண்ணெயும் ஒதுக்கப்பட்டன.

இதை இலவசமாக வாரி இறைத்திருந்தால் நம் மாட்டுக்காரர்கள் ஒழிந்திருப்பார்கள். அப்படிச் செய்யவில்லை. பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை பால் பண்ணைகளுக்கு அதை விற்று, அந்தப் பணத்தில் கிராமச் சங்கங்களும் குளிரூட்டும் நிலையங்களும் கட்டினார்கள். பிறர் கொடுத்த மானியம் நம் ஊரில் முதலீடாக மாறியது.

1970-71-ல் நாட்டின் பால் உற்பத்தி சுமார் 2 கோடியே 20 லட்சம் டன். 2023-24-ல் சுமார் 23 கோடியே 90 லட்சம் டன். உலகில் முதலிடம்.

ஆனால் பால் பெருகினால் மட்டும் மாட்டுக்காரர் பிழைத்து விடுவாரா?

ஒரு மாட்டின் கணக்கு

புரிவதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊருக்கு ஊர் விலை மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

ஒரு கலப்பினப் பசு. நாளைக்கு 10 லிட்டர். லிட்டருக்கு 30 ரூபாய் என்றால் வரவு 300 ரூபாய்.

கலப்புத் தீவனமும் புண்ணாக்கும் 5 கிலோ, கிலோ 30 ரூபாய் வீதம் 150. பசுந்தீவனம் 20 கிலோ, 3 ரூபாய் வீதம் 60. வைக்கோல் அல்லது சோளத்தட்டை 5 கிலோ, 8 ரூபாய் வீதம் 40. ஆக 250 ரூபாய். மிச்சம் 50.

இந்த 50 அப்படியே கைக்கு வராது. மாடு ஆண்டு முழுவதும் கறப்பதில்லை. 300 நாள் கறந்தால் 60 நாளாவது வற்றி நிற்கும். அப்போதும் அதற்குத் தீனி போட வேண்டும். நாளைக்கு 150 ரூபாய் என்று வைத்தாலும் 9 ஆயிரம். அதைக் கறக்கும் 300 நாளில் பங்கு போட்டால் நாளைக்கு 30 ரூபாய்.

மிஞ்சுவது 20 ரூபாய்!

சினை ஊசி, டாக்டர், மருந்து, கரண்டு, மாடு வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாம் இந்த 20 ரூபாயில்தான். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து சாணி அள்ளுகிற அம்மாவின் உழைப்புக்குக் கணக்கில் இடமே இல்லை.

இப்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

லிட்டருக்கு 5 ரூபாய் மானியம் வந்தால், நாளைக்கு 50 ரூபாய் கூடுகிறது. 20 ரூபாய் 70 ஆகிறது. நமக்கு அற்பமாகத் தெரியும் 5 ரூபாய் அந்தக் குடும்பத்துக்கு மூன்றரை மடங்கு வருமானம்.

தீவனம் கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் நாளைக்கு 25 ரூபாய் குறைகிறது. 20 ரூபாய் போய் 5 ரூபாய் நஷ்டம். மாட்டை விற்று விடலாம் என்ற பேச்சு வீட்டில் தொடங்குவது அன்றுதான்.

5 ரூபாய் யார் பைக்குப் போகிறது?

2018 போராட்டத்துக்குப் பிறகு மராட்டிய சர்க்கார் லிட்டருக்கு 5 ரூபாய் மானியம் அறிவித்தது. விவசாயிக்கு 25 ரூபாயாவது கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். பிறகு அது நின்றது. 2024 ஜனவரியில் மறுபடியும் 5 ரூபாய் வந்தது. மார்ச்சில் நின்றது. ஜூலையில் மறுபடியும் வந்தது.

2024 ஜூலையில் ஏற்பாடு இப்படி: பால் பண்ணைகள் பசும்பாலுக்கு 30 ரூபாய் கொடுக்க வேண்டும், சர்க்கார் 5 ரூபாய் சேர்க்கும். மொத்தம் 35.

அக்டோபர் 1 முதல் சர்க்கார் மானியத்தை 7 ரூபாயாக உயர்த்தியது. பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் செய்தி வந்தது. ஆனால் பால் பண்ணைகள் கொடுக்க வேண்டிய விலை 28 என்று நிர்ணயிக்கப்பட்டது. 28-ம் 7-ம் எவ்வளவு? அதே 35!

சர்க்கார் கஜானாவிலிருந்து 2 ரூபாய் கூடுதலாகப் போனது. விவசாயிக்கு ஒரு பைசா கூடவில்லை. பவுடருக்கு விலை இல்லை, 30 ரூபாய் கட்டுப்படியாகவில்லை என்பது பால் பண்ணைகளின் வாதம். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் மானியம் என்ற பெயரில் யாருடைய பாரம் இறங்கியது என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

இன்னும் சில நிபந்தனைகளும் இருந்தன. மாட்டின் காதில் எண் வில்லை இருக்க வேண்டும். அந்த எண் கம்ப்யூட்டரில் பதிவாகி இருக்க வேண்டும். பாங்க் கணக்கு இருக்க வேண்டும். பசும்பாலுக்குத்தான் மானியம், எருமைப் பாலுக்கு இல்லை. பக்கத்து டீக்கடைக்கு நேரடியாக ஊற்றுகிறவருக்கும் இல்லை. ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருக்கும் ஏழைகள்தான் இந்தக் காகித வேலையில் தடுமாறினார்கள்.

தபேலாக்காரரின் வழி

மும்பைத் தபேலாக்களைப் பாருங்கள். ஜோகேஸ்வரி, கோரேகாவ் பக்கம் எருமை வைத்திருப்பவர்களுக்கு இந்த மானியம் கிடைக்கவில்லை. தீவனம் முழுவதும் விலைக்கு வாங்க வேண்டும்.

ஆனால் அவர்கள் சங்கமாகக் கூடித் தாங்களே மொத்த விலையை நிர்ணயிக்கிறார்கள். 2022 செப்டம்பரில் எருமைப் பால் லிட்டர் 75-லிருந்து 80 ரூபாய். 2023 மார்ச்சில் 85. புண்ணாக்கு ஏறினால் ஆறு மாதத்தில் பால் விலையும் ஏறும்.

கிராமத்துப் பசு வைத்திருப்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை. கொழுப்பு இவ்வளவு, இதர சத்து இவ்வளவு என்று மெஷின் சொல்லும் விலைதான். வாங்க மாட்டோம் என்றால் சாயங்காலத்துக்குள் பால் கெட்டுப் போகும். நெல்லைப் போல, பருத்தியைப் போல வைத்திருந்து விற்க முடியாது. நெல்லுக்கும் கோதுமைக்கும் மத்திய சர்க்கார் ஆதரவு விலை அறிவிக்கிறது. பாலுக்கு அப்படி ஒன்று இல்லை.

பக்கத்து மாநிலங்களில்

கர்நாடகம் வேறு வழியில் போனது. 2008-ல் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவருக்கு லிட்டருக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை தொடங்கியது. 2013-ல் 4 ரூபாய். 2016-ல் 5 ரூபாய். மந்திரிசபைகள் மாறியும் அது நிற்கவில்லை.

நிலையாக வருகிறது என்ற தைரியத்தில் அங்கே மாடு வாங்கினார்கள். பால் பெருகியது. பெருகிய பால் பவுடராகி, 2013 முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தம்ளருக்குப் போனது. இந்த மானியத்தின் பலன் பள்ளிக்கூடம் வரை எட்டியது.

குறையும் உண்டு. ஊக்கத்தொகை மாதக்கணக்கில் பாக்கி விழுவதாகப் புகார்கள் எழுந்தன. விற்பனை விலையைக் குறைவாகவே வைத்திருந்ததால் பால் யூனியன்கள் திணறின. கடைசியில் 2023 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாயும், 2025 ஏப்ரலில் 4 ரூபாயும் ஏற்ற வேண்டி வந்தது.

நம் தமிழ்நாட்டில் 2021 மே மாதம் ஆவின் பால் விலை லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது. வாங்குகிறவருக்கு மகிழ்ச்சி. உற்பத்தியாளர்கள் கொள்முதல் விலை கேட்டுப் போராடினார்கள். 2022 நவம்பரில் பசும்பாலுக்கு 32-லிருந்து 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பர் 18 முதல் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்து 38 ஆனது.

வாங்குகிறவரின் ஓட்டு உடனே கண்ணுக்குத் தெரிகிறது. மாட்டுக்காரர் போராடினால்தான் தெரிகிறார். எல்லா மாநிலத்திலும் இதே கதைதான்.

வெளியிலிருந்து வரும் அடி

பால் என்ற வார்த்தையே இல்லாத உத்தரவுகளும் தொழுவத்தைத் தாக்குகின்றன.

பெட்ரோலில் எத்தனால் கலக்க மக்காச்சோளத்தை வாங்கும்படி சர்க்கார் ஊக்குவித்தது. 2024-ல் மக்காச்சோளம் விலை ஏறியது. கோழிப் பண்ணைக்காரர்களும் தீவன ஆலைக்காரர்களும் அலறினார்கள். சோளம் விளைவித்தவருக்கு லாபம். மாடு வைத்திருப்பவருக்குச் செலவு.

2015-ல் மராட்டியத்தில் காளை, எருது ஆகியவற்றை வெட்டவும் தடை வந்தது. பசுவுக்கு 1976 சட்டத்திலேயே தடை உண்டு. அது சரியா தவறா என்ற விவாதம் வேறு. கணக்கு என்று பார்த்தால், காளைக் கன்றுக்கும் கறவை நின்ற பசுவுக்கும் விலை போயிற்று. அவற்றுக்குப் போடும் தீனியும் பால் விலையில்தான் ஏற வேண்டும். எருமைக்கு அந்தத் தடை இல்லை.

வெளிநாட்டு மானியமும் விடவில்லை. 2015 மார்ச்சுடன் ஐரோப்பாவில் பால் உற்பத்திக்கு இருந்த உச்சவரம்பு நீங்கியது. பால் பெருகி, மூன்றரை லட்சம் டன்னுக்கு மேல் பவுடர் அங்கே கிடங்கில் சேர்ந்தது. உலகச் சந்தையில் பவுடர் விலை விழுந்தது. நம் பவுடருக்கு ஏற்றுமதி போனது. பவுடர் செய்து வந்த மராட்டியப் பால் பண்ணைகள் கொள்முதல் விலையை வெட்டின. 2018-ல் தெருவில் கொட்டிய பாலின் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

இதனால்தான் 2019 நவம்பரில் கிழக்காசிய வர்த்தக ஒப்பந்தத்தில் சேராமல் இந்தியா விலகியபோது பால் உற்பத்தியாளர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நியூசிலாந்துப் பவுடர் வரியில்லாமல் வந்து இறங்கியிருந்தால் ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருப்பவர் தாங்கியிருக்க மாட்டார்.

வரியிலும் மாறுதல் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெய், சீஸ் மீதான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம் ஆனது. பாக்கெட் பன்னீருக்கு வரி நீங்கியது. நெய் டப்பாவில் விலை குறைந்ததை நாம் பார்த்தோம். விற்பனை கூடினால் கொள்முதல் விலையிலும் அது தெரிய வேண்டும். இதைக் கவனித்துக் கேட்க வேண்டியது சங்கங்களின் வேலை.

2020-ல் மத்திய சர்க்கார் 15 ஆயிரம் கோடி ரூபாயில் கால்நடை வளர்ச்சி நிதி அறிவித்தது. கடன் வட்டியில் 3 சதவீதத்தை சர்க்கார் ஏற்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அது பெரும்பாலும் ஆலை கட்டுகிறவர்களுக்கும், தீவனத் தொழிற்சாலை வைப்பவர்களுக்கும் உதவுவது. இரண்டு மாட்டுக்காரர் நாடக்கூடியது பாங்கில் கிடைக்கும் கிசான் கிரெடிட் கார்டு. இப்போது மாடு வளர்ப்பவர்களும் அதைப் பெறலாம்.

ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

நம்மில் பலர் மாதாமாதம் சேர்த்து, ஊரில் அம்மாவுக்கோ தம்பிக்கோ ஒரு கறவை மாடு வாங்கிக் கொடுக்கிறோம். திருநெல்வேலியிலும் விழுப்புரத்திலும் எத்தனையோ தொழுவங்களில் மும்பைக் கூலி கட்டிக் கிடக்கிறது. அவர்களுக்குச் சில வார்த்தைகள்:

மானியத்தை வரவில் சேர்க்காமல் கணக்குப் போடுங்கள். மானியம் இல்லாமலே ஓரளவு மிஞ்சினால்தான் மாடு வாங்கலாம். மானியம் வந்தால் அது கடனை அடைக்க.

வற்றி நிற்கும் இரண்டு மாதத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள். பல வீடுகளில் மாடு கை மாறுவது அந்த இரண்டு மாதத்தில்தான்.

தீவனம் முழுவதும் கடையில் வாங்குவதாக இருந்தால் யோசியுங்கள். பத்து சென்ட் நிலத்தில் பசும்புல் போட முடிந்தால் கணக்கே மாறிவிடும்.

பால் சங்கத்தில் அம்மா பெயரிலேயே உறுப்பினராகச் சேருங்கள். கொழுப்பும் இதர சத்தும் எவ்வளவு என்று சீட்டு வாங்கச் சொல்லுங்கள். மாட்டுக்குக் காது வில்லையும் இன்ஷூரன்சும் அவசியம்.

கேட்க வேண்டிய கேள்வி

அடுத்த முறை பால் விலை ஏறும்போது, "ஏன் ஏறியது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஏறியதில் கறந்தவருக்கு எவ்வளவு?" என்றும் கேளுங்கள்.

நன்றாக நடக்கும் கூட்டுறவில் நாம் கொடுக்கும் ரூபாயில் 80 பைசா வரை உற்பத்தியாளருக்குப் போகிறது என்று அமுல் தரப்பில் சொல்கிறார்கள். நமது பையில் எழுதியிருக்கும் பெயருக்கு அது எவ்வளவு? ஒவ்வொரு பால் பண்ணையும் மாதம் ஒரு முறை அதைப் பகிரங்கமாக அறிவிக்கட்டும். மானியம் தருகிற சர்க்கார் இதை முதல் நிபந்தனையாக வைக்கலாம். மாட்டுக்குக் காது வில்லை கேட்கிறவர்கள் பால் பண்ணைக்குக் கணக்கு கேட்கக் கூடாதா?

1946-ல் சமர்க்கா விவசாயிகள் கேட்டதும் இதைத்தான். பதினைந்து நாளில் அவர்களுக்குப் பதில் கிடைத்தது.